ஒன்பதாவது ஃபில்டர்

ருவியில், பணமாற்றுக் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி.
துக்ம் மருத்துவமனையின் இரண்டாம் தளம்
சுவரில்லாமல் கூரையில்லாமல்
என் திரையில் கிடக்கிறது.

குளிர்நீர் நீலம்.
தீயணைப்பு சிவப்பு. கழிவுநீர் பழுப்பு.
ஆக்சிஜனுக்கு வெள்ளை கேட்டார்கள்.
வெள்ளைத் தாளில் வெள்ளை தெரியாது என்று புரியவைக்க
ஒன்றேகால் மணி நேர மீட்டிங்.
ஊதா.

நிறம் குழாயில் இல்லை,
விதியில் இருக்கிறது.
இன்ன பெயர் கொண்டதற்கு இன்ன நிறம்.
பெயரை மாற்றிப் பாருங்கள்,
நிறம் கழன்றுவிடும்.
குழாய் அங்கேயேதான் கிடக்கும்.

விதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக.
ஒரே குழாய் இரண்டு விதியில் சிக்கினால்
மேலே இருப்பதுதான் செல்லும்.
ரோவெனாவுக்கு இதை விளக்க
அரை நிமிடம்கூட ஆகவில்லை.
"ஆபீஸ் மாதிரி," என்றாள்.

பட்டியலில் ஒன்பதாவது:
அமலதாஸ்_தொடாதே.

அமலதாஸை நான் பார்த்ததில்லை.
நாற்காலியின் இடக் கைப்பிடியில்
சுற்றியிருக்கும் கறுப்பு டேப் அவருடையதாம்.
அவருக்குப் பிறகு மூன்று பேர் உட்கார்ந்து போனார்கள்.
ஒருவரும் தொடவில்லை.
முஹந்திஸ் ஹுசாம் எட்டைத் திருத்துவார்,
பத்தைத் திருத்துவார்,
நடுவில் ஈரத் தரையைத் தாண்டுகிறவர்போல
மவுஸைத் தூக்கிக்கொண்டு போவார்.

புதன் மதியம். வெளியே நாற்பத்தாறு டிகிரி.
நாளை சமர்ப்பிக்க வேண்டும்.
மோதல் அறிக்கை வந்தது: பூச்சியம்.
ஹுசாம் எல்லோருக்கும் கராக் சாயா சொன்னார்.

நானூறு படுக்கைக் கட்டடத்தில்
ஒரு குழாய்கூடவா
இன்னொன்றின் மேல் இடிக்கவில்லை?

சாயா ஆறட்டும் என்று
ஒன்பதாவது வரியில், 'தெரியட்டும்' கட்டத்தில்
டிக் போட்டேன்.

நாற்பத்தொன்று.
பீமைக் குத்திக்கொண்டு ஒரு டக்ட்.
கை நுழையாத சந்தில் வால்வுகள்.
துப்புரவாளர் அறையில், சுவருக்குள் பாதி புதைந்து,
கைகழுவும் தொட்டி ஒன்று.
அதன் வடிகுழாய் மேல்நோக்கி ஏறியது,
இருநூறு மில்லிமீட்டர், கூச்சமே இல்லாமல்.

விதியைத் திறந்தேன்.
குறிப்புப் புலத்தில் இந்தச் சொல் இருந்தால்
மறை.
முழுக்க ஆங்கிலம் பேசும் மாடலில்
மூன்றே எழுத்து, தமிழில்:
பிறகு.

நாற்பத்தொரு முறை அடித்திருக்கிறார்.
முதல் முறை அடித்தபோது
நிஜமாகவே பிறகு வருவதாக இருந்திருப்பார்.
பத்தாவதிலா, இருபதாவதிலா,
எங்கே அது வெறும் சொல்லாகிப் போனது என்று
மாடலில் பதிவில்லை.

அப்போதுதான் பல்விந்தர் ஞாபகம் வந்தது.
போன வாரம் சைட்டிலிருந்து கூப்பிட்டார்:
"மேடம், ஒரு தொட்டி உபரியாக வந்திருக்கிறது.
பெட்டியோடு வெயிலில் கிடக்கிறது. எங்கே மாட்ட?"
அப்படி ஒரு தொட்டி வரைபடத்திலேயே இல்லை என்றேன்,
கொஞ்சம் அதட்டலாகவே.

ஃபில்டர் கண்ணுக்குத்தான் மறைக்கும்.
கொள்முதல் பட்டியலுக்கு அது தெரியாது.
பட்டியல் எண்ணியிருக்கிறது,
கம்பெனி காசு கட்டியிருக்கிறது,
லாரி எழுநூறு சொச்சம் கிலோமீட்டர்
அந்த இல்லாத தொட்டியைச் சுமந்துபோயிருக்கிறது.

இரவு ஒன்பதரை வரை இருந்தேன்.
ரோவெனா வால்வுகளை எடுத்துக்கொண்டாள்.
தொட்டியைச் சுவரிலிருந்து வெளியே இழுத்து
வடிகுழாயை இறக்கினேன்.
நூற்றுக்கு ஒன்று சரிவு, தண்ணீர் போகிற பக்கம்.
முப்பத்தொன்பது முடிந்தது.

மிச்சம் பீமும் டக்டும்.
ஸ்ட்ரக்சர்காரர்கள் கையெழுத்தில்லாமல்
என்னால் ஒன்றும் செய்ய முடியாது.
அமலதாஸுக்கும் முடிந்திருக்காது.
குறிப்பில் இருந்த சொல்லை அழிக்கப் போனேன்.
அழிக்கவில்லை.
அதே மூன்று எழுத்து, தேதியோடு,
என் பெயரின் முதலெழுத்தோடு.
விதியில் மறைப்பதை எடுத்துவிட்டு
அரைச்சாயம் வைத்தேன்.
சாம்பல் நிறத்தில் இரண்டும் நின்றன,
பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று.

மோதல் அறிக்கை: இரண்டு.
காலையில் ஹுசாம் கேட்பார்.

படியிறங்கும்போது
பல்விந்தருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
தொட்டி உண்டு. நிழலில் வையுங்கள்.